சாவி இல்லேன்னா பூட்டை உடைச்சிடலாமா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை பிடிச்சுக் கிடக்கு. படிப்பு, வேலை, ஆலன் வெயில்னு சாக்கு நிறைய இருக்கு. ஆனா இன்னிக்கு எழுதியே ஆகணும். இது ஒரு பாவமன்னிப்புப் பதிவு.

முன்கூட்டியே ஒரு டிஸ்கி: இந்தப் பதிவுல காப்பி-பேஸ்ட் பண்ண ஒரு வரி கூட கிடையாது. கட்டளைகளைக் கூட தமிழ் எழுத்துலதான் எழுதியிருக்கேன். வேணும்னேதான். ஏன்னு கடைசியில புரியும்.

விஷயம் இதுதான். சாத்தூர்ல சித்தப்பா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். ஆதார், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்குன்னு ஊர்ல பாதிப் பேரோட காகிதம் அந்தக் கடை கம்ப்யூட்டர் வழியாத்தான் போகும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுது. அந்தப் பழைய பெட்டியில விண்டோஸ் 11 ஏறாது. "லினக்ஸ் போட்டுடுங்க சித்தப்பா, நான் பாத்துக்கறேன்"னு இங்கேருந்து வாய்ச்சவடால் விட்டது நான்தான். சித்தி பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஒரே ஞாயித்துக்கிழமையில உபுண்டு போட்டு முடிச்சுட்டான். எனக்குப் பெருமை தாங்கலை.

ஒரு மாசம் கழிச்சு, இங்க ராத்திரி பதினொண்ணு, அங்க காலையில பத்தரை. போன்.

"அக்கா, பிரிண்டர் டிரைவருக்கு ஒரு வெளிக் களஞ்சியம் சேத்தேன். அப்டேட் பண்ணா 'நோ பப்கீ'ன்னு ஒரே திட்டு. அப்புறம் நெட்ல தேடி சரி பண்ணிட்டேன்."

"என்னடா பண்ணே?"

"அந்த வரியில 'ட்ரஸ்டட் ஈக்வல்ஸ் யெஸ்'னு சேத்தேன். எர்ரர் போயிடுச்சு."

"எந்த மடையன்டா அப்படிச் சொன்னான்?"

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் தயங்கித் தயங்கி: "நீதாங்க்கா. 2019-ல உன் பதிவுல போட்டிருக்கே."

போய்ப் பாத்தேன். ஆமா. நான்தான். "இந்த ஒரு வரியைப் போடுங்க, எர்ரர் ஓடியே போயிடும்"னு எழுதி, பக்கத்துல ஒரு சிரிப்பான் வேற.

அந்த வரி என்ன செய்யுதுன்னு அன்னிக்கு எனக்கே சரியாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். இப்ப தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பேங்க்ல கணக்கு ஆரம்பிக்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வச்சுக்குவாங்க இல்லையா? செக் வந்தா, அதுல இருக்கற கையெழுத்தை அந்த மாதிரியோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் பணம் தருவாங்க. ஆப்ட் பண்றதும் அதேதான். களஞ்சியத்தை நடத்தறவங்க அதோட 'ரிலீஸ்' கோப்புல தங்களோட ரகசியச் சாவியால கையொப்பம் போடறாங்க. அந்தக் கோப்புக்குள்ள பொதிப் பட்டியலோட ஹாஷ் இருக்கு. பட்டியலுக்குள்ள ஒவ்வொரு பொதியோட ஹாஷும் இருக்கு. ஆக, மேல இருக்கற ஒரு கையொப்பம் சரியா இருந்தா, கீழ ஆயிரக்கணக்கான பொதிகளும் வழியில யாரும் கை வைக்காம வந்திருக்குன்னு அர்த்தம். நம்ம கணினியில இருக்கற பொதுச் சாவிதான் அந்த மாதிரிக் கையெழுத்து.

'நோ பப்கீ'ன்னா "இந்தக் கையெழுத்தோட மாதிரி என்கிட்ட இல்லை"ன்னு காஷியர் சொல்றார். அவ்ளோதான். அவர் வேலையை அவர் ஒழுங்கா பாக்கறார். 'ட்ரஸ்டட் ஈக்வல்ஸ் யெஸ்'னா, "யார் செக் கொண்டு வந்தாலும் பாக்காம பணத்தைக் குடுங்க"ன்னு நாமளே எழுதிக் குடுக்கறது. அதுவும் ஒரு தடவைக்கு இல்லை, அந்தக் களஞ்சியத்துலேருந்து இனிமே வர்ற எல்லா அப்டேட்டுக்கும். பொதியை நிறுவும்போது அதுக்குள்ள இருக்கற சின்னச் சின்ன நிரல்கள் ரூட் அதிகாரத்தோட ஓடும்கறதையும் சேத்து யோசிங்க. ஊர் ஆதார் ஸ்கேன் எல்லாம் இருக்கற பெட்டியில.

சரி, நான் அந்தப் பதிவுல சொன்ன இன்னொரு வழி? "எர்ரர்ல வர்ற 16 எழுத்தை அப்படியே எடுத்து, ஆப்ட்-கீ கட்டளையால சாவி சர்வர்லேருந்து இறக்கிக்குங்க." இதைத்தான் நம்மள்ல பாதிப் பேர் எழுதியிருக்கோம். பாக்க ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அந்த 16 எழுத்து எங்கேருந்து வந்துச்சு? யார் கையொப்பத்தை நாம சந்தேகப்படறோமோ, அதே கையொப்பத்துலேருந்து! நாளைக்கு ஒரு திருடன் தன் சாவியால கையொப்பம் போட்டு அனுப்பினாலும் எர்ரர்ல அவனோட 16 எழுத்து வரும். சர்வரும் அவனோட சாவியை விசுவாசமா எடுத்துத் தரும். செக் கொண்டு வந்த ஆள்கிட்டயே மாதிரிக் கையெழுத்தும் வாங்கி ஒப்பிட்டுப் பாக்கற கதை. ஒத்துப்போகாம என்ன செய்யும்?

அந்த ஆப்ட்-கீயிலயே இன்னொரு ஓட்டையும் இருந்துச்சு. அதுல சேத்த சாவி எல்லாக் களஞ்சியத்துக்கும் செல்லுபடியாகும். கேபிள்காரருக்குக் குடுத்த சாவி வீட்டு பீரோவையும் திறக்கற மாதிரி. பிரிண்டர் கம்பெனி சாவியால கையொப்பம் போட்ட ஒரு போலி கெர்னலைக் கூட சிஸ்டம் ஏத்துக்கும். அதனாலதான் 2020-லேயே 'இதை விட்டுடுங்க'ன்னு எச்சரிக்கை போட ஆரம்பிச்சாங்க. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல அந்தக் கட்டளையே கிடையாது. 2021-ல பழைய சாவி சர்வர் குழுமத்தையும் இழுத்து மூடிட்டாங்க. ஆக நம்ம பழைய பதிவுகள் ஆபத்து மட்டும் இல்லை, பாதிக்கு மேல வேலையும் செய்யாது. வேலை செய்யலேன்னா படிக்கிறவன் என்ன பண்ணுவான்? அதே பதிவுல அடுத்த பத்தியில இருக்கற 'ட்ரஸ்டட்' வரியைப் போடுவான். எங்க தம்பி பண்ணது அதான்.

"ஒண்ணும் ஆகலையே, ஏன் இப்படி அலர்றே?"ன்னு கேக்கலாம். சித்தப்பா கடையிலயும் ஒண்ணும் ஆகலை. பிரிண்டர் கம்பெனி தன் சாவியை மாத்தியிருந்துச்சு, அவ்ளோதான். பூட்டாம தூங்கின எல்லா வீட்டுலயும் திருடன் வந்துடறதில்லை. ஆனா வந்த வீடுகளும் இருக்கு.

2008 ஆகஸ்ட்ல ஃபெடோரா, ரெட்ஹேட் சர்வர்களுக்குள்ள யாரோ புகுந்தாங்க. ரெட்ஹேட் பக்கம் சில ஓப்பன்-எஸ்எஸ்எச் பொதிகளுக்குக் கையொப்பமே போட்டுட்டாங்க. ஃபெடோரா சாவி திருடு போனதுக்கு ஆதாரம் இல்லாட்டியும், எதுக்கு வம்புன்னு சாவியையே மாத்தினாங்க. 2016 பிப்ரவரியில லினக்ஸ் மின்ட் தளத்தோட இறக்க இணைப்பை ஒருத்தன் மாத்தி, பின்கதவு வச்ச ஐஎஸ்ஓ பக்கம் திருப்பி விட்டான். தளத்துல இருக்குங்கறதாலேயே ஒண்ணு அசல் ஆயிடாது.

இதுக்குச் சரியான உதாரணம் காளி லினக்ஸ். 2025 ஏப்ரல்ல அவங்க களஞ்சியச் சாவி அவங்க கையை விட்டே போயிடுச்சு. யாரும் திருடலை, அவங்களே தொலைச்சுட்டாங்க. வெட்கப்படாம அதை வெளியில சொன்னாங்க. புதுச் சாவி உருவாக்கினாங்க. உலகம் முழுக்க காளி வச்சிருந்தவங்களுக்கு அப்டேட் பண்ணும்போது சாவி இல்லைங்கற எர்ரர் வந்துச்சு. இதுல ரெண்டு பாடம். ஒண்ணு, எர்ரர் வந்தா எப்பவும் திருடன்னு அர்த்தம் இல்லை. நேர்மையான ஆளுக்கும் சாவி தொலையும். ரெண்டு, அவங்க "கையொப்பச் சோதனையை அணைச்சுடுங்க"ன்னு சொல்லலை. தங்களோட தளத்துல புதுச் சாவியைப் போட்டு, அதோட ஹாஷையும் குடுத்து, காளி டெவலப்பர்கள் தங்களோட சொந்தச் சாவியால அதுல கையொப்பமும் போட்டு, "ஒப்பிட்டுப் பாத்துட்டு வச்சுக்குங்க"ன்னாங்க. கிளை மாறினா நேர்ல போய்ப் புது மாதிரிக் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற மாதிரி. அதான் முறை.

கையொப்பம் சர்வரோக நிவாரணியும் இல்லைன்னு சொல்லிடறேன். 2024 மார்ச்ல வெளியான எக்ஸ்-இசட் விவகாரம் ஞாபகம் இருக்கும். பராமரிப்பாளரா உள்ள வந்த ஆளே பின்கதவு வச்சுட்டான். அந்தப் பொதி டெபியனோட சோதனைக் கிளைகள் வரைக்கும் முறையான கையொப்பத்தோடயே வந்துச்சு. எஸ்எஸ்எச் அரை நொடி மெதுவா இருக்கேன்னு ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட்ங்கற மனுஷன் நோண்டிப் பாத்ததாலதான் மாட்டுச்சு. கையொப்பம் "யார் அனுப்பினது"ன்னு சொல்லும். "நல்லவனா"ன்னு சொல்லாது. அதனால யார் களஞ்சியத்தைச் சேக்கறோம்கறதே முதல் கேள்வி. கண்ட களஞ்சியத்தையும் சேத்துட்டு சாவியை மட்டும் சரிபாத்தா பிரயோஜனம் இல்லை.

சரி, எர்ரர் வந்தா என்னதான் பண்றது? பயப்படாம அந்த வரியை முழுசா படிங்க. பெரும்பாலும் இதுல ஒண்ணாத்தான் இருக்கும்:

1. சாவி இல்லை. களஞ்சியத்தை நடத்தறவங்களோட அதிகாரபூர்வ எச்டிடிபிஎஸ் பக்கத்துக்கு நீங்களே போய்ச் சாவியை எடுங்க. அதோட கைரேகையை, அதாவது அந்த நீளமான 40 எழுத்தை, முழுசா ஒப்பிடுங்க. எட்சி-க்குள்ள ஆப்ட், அதுக்குள்ள கீரிங்ஸ் அடைவுல வைங்க. களஞ்சிய வரியில 'சைன்டு-பை' போட்டு அந்தச் சாவியை அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் கட்டிப் போடுங்க. கேபிள்காரருக்கு கேபிள் பெட்டிச் சாவி மட்டும்!

2. சாவி காலாவதி. டெபியன் களஞ்சியச் சாவிகளுக்கே ஏறக்குறைய 8 வருஷம்தான் ஆயுள். 2011-ல தமிழக அரசு மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சப்ப அதுல வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். அந்த மாதிரி பழைய பெட்டியைப் பரண்லேருந்து இறக்கினா சாவியை நோண்டாதீங்க. பதிப்பே காலாவதி. புதுசா நிறுவறதுதான் வழி.

3. கடிகாரம். பழைய பெட்டியில போர்டு பேட்டரி செத்துப் போயிருக்கும். கரண்ட் போய் வந்தா தேதி எங்கேயோ பின்னாடி போயிடும். "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகலை"ன்னு வரும். தேதியைத் திருத்தினா சரியாயிடும்.

4. ஹாஸ்டல், ஏர்போர்ட் வைஃபை. லாகின் பக்கத்தையே ரிலீஸ் கோப்புன்னு நினைச்சு இறக்கிட்டு, "நோ ஸ்ப்ளிட்"னு அழும். உலாவியில லாகின் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க.

5. 'பேட் சிக்'. சாவி இருக்கு, ஆனா கையொப்பம் பொருந்தலை. பெரும்பாலும் நடுவுல இருக்கற ப்ராக்ஸி, அரைகுறை இறக்கம்தான் காரணம். வேற இணைப்புல முயற்சி பண்ணுங்க. அப்பவும் வந்தா, நிறுத்துங்க.

அஞ்சுல ஒண்ணுக்குக் கூட மருந்து 'ட்ரஸ்டட் ஈக்வல்ஸ் யெஸ்' இல்லை. கவனிச்சீங்களா?

பாவம் முழுக்க நம்ம தலையில மட்டும்னும் சொல்ல மாட்டேன். "நோ பப்கீ"ன்னு 16 எழுத்தை மூஞ்சியில எறிஞ்சா, ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன புரிஞ்சுக்குவார்? பூட்டுப் போடத் தெரிஞ்சவங்களுக்கு, ஏன் திறக்கலைன்னு மனுஷ பாஷையில சொல்லவும் தெரியணும். களஞ்சியம் வச்சிருக்கற கம்பெனிகளும் சாவியை மாத்தும்போது முன்கூட்டியே புதுச் சாவியை ஒரு பொதியா அனுப்பினா இந்தக் கூத்தே இல்லை.

ஆனா தமிழ்ல எழுதற நமக்குன்னு ஒரு தனிப் பொறுப்பு இருக்குன்னு நினைக்கிறேன். ஆங்கிலத்துல ஒரு தப்பான பதில் வந்தா, கீழயே பத்துப் பேர் வந்து கிழிச்சுத் தொங்க விடுவாங்க. தமிழ்ல ஒரு எர்ரரைத் தேடினா கிடைக்கறதே ஒண்ணு ரெண்டு பதிவு. அதுல நாம எழுதினதுதான் வேதவாக்கு. தம்பி அந்த வரியை நம்பினது அது சரியா தெரிஞ்சதாலே இல்லை. அக்கா தமிழ்ல சொன்னதாலே. இந்த நம்பிக்கைக்கு எந்தக் கைரேகைச் சோதனையும் கிடையாது மக்களே.

அதான் இந்தப் பதிவுல காப்பி பண்ண வரி இல்லை. ஏன்னு புரிஞ்சவங்களுக்கு அந்த வரியை மேனுவல்ல தேடி எடுக்க அஞ்சு நிமிஷம் ஆகும். புரியாதவங்க கையில அந்த வரி இல்லாம இருக்கறதே நல்லது.

என் 2019 பதிவை அழிக்கலை. அழிச்சா தப்பு மறைஞ்சுடும், படிச்சவங்களுக்குத் தெரியாமலே போயிடும். தலையிலயே கொட்டை எழுத்துல "இது தப்பு, செய்யாதீங்க"ன்னு போட்டு இந்தப் பதிவுக்கு வழி காட்டியிருக்கேன். நீங்களும் உங்க பழைய பதிவுகள்ல ஒரு தடவை 'ட்ரஸ்டட்', 'ஆப்ட்-கீ', 'அலவ் அன்ஆதென்டிகேட்டட்'னு தேடிப் பாருங்களேன். பத்து நிமிஷ வேலை.

பி.கு.: அன்னிக்கு ராத்திரி தம்பியோட உக்காந்து அந்த வரியை எடுத்துட்டு, பிரிண்டர் கம்பெனி பக்கத்துலேருந்து புதுச் சாவியை எடுத்தோம். நாப்பது எழுத்தையும் அவன் படிக்க நான் சரிபாக்க, சித்தப்பா பின்னாடிலேருந்து, "என்னம்மா, ரெண்டு பேரும் லாட்டரி ரிசல்ட்டா பாக்கறீங்க?"ன்னார் :-)

பிரிண்டர் ஓடுது. பின்னூட்டத்துல திட்டறவங்க திட்டலாம், எனக்கு வேணும்.