எதில் கால் பங்கு?

அன்புப் பிள்ளைகளே,

பின்னக் கணக்கு என்றாலே உங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. மேலே ஒரு எண், கீழே ஒரு எண், நடுவில் ஒரு கோடு. பார்த்ததும் பேனாவை மூடி வைத்துவிடுகிறீர்கள். ஆனால் கடைக்காரரிடம் முக்கால் கிலோ தக்காளி கேட்க நீங்கள் தயங்குவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஏழே கால் என்று சட்டென்று சொல்கிறீர்கள். அதெல்லாம் பின்னம் இல்லாமல் வேறென்ன?

ஆரணிக்கு ஒரு நடை போய் வருவோமா? திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஊர். பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. அங்கேயும், பக்கத்தில் சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும். (ஊர்ப் பெயரிலேயே ‘ஒண்ணு’ இருப்பதைக் கவனித்தீர்களா?)

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு பாவில் மூன்று சேலை நெய்வதாக வைத்துக்கொள்வோம். சேலை ஐந்தரை மீட்டர், அதோடு ரவிக்கைத் துணி முக்கால் மீட்டர். மொத்தம் எவ்வளவு?

நோட்டில் எழுத வேண்டாம், வாயாலேயே போடலாம். முக்காலில் இருந்து ஓர் அரையை எடுத்து ஐந்தரையோடு சேருங்கள், ஆறு ஆயிற்று. மிச்சம் கால். ஆக, ஆறே கால் மீட்டர். மூன்று சேலைக்கு? மூவாறு பதினெட்டு, மூன்று கால் சேர்ந்தால் முக்கால். பதினெட்டே முக்கால் மீட்டர். அவ்வளவுதான்!

நம் தமிழில் பின்னத்துக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு. அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதிலும் பாதி வீசம், பதினாறில் ஒன்று. மாகாணி என்பதும் அதுவே. மா என்றால் இருபதில் ஒன்று. நாலு மா சேர்ந்தால் ஐந்தில் ஒன்று. இன்னும் இறங்கினால் காணி, எண்பதில் ஒன்று. முந்திரி, முந்நூற்று இருபதில் ஒன்று! பழைய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இதையெல்லாம் வாய்ப்பாடாகவே சொன்னார்கள். 1957 ஏப்ரல் 1-இல் புதுக்காசு வரும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். நாலணா கால், எட்டணா அரை. தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, பின்னத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்கி விழுகிறார்கள்? அம்மா ஒரு சேலையில் பாதி நெய்தார், அப்பா மூன்றில் ஒரு பங்கு நெய்தார். இருவரும் சேர்ந்து நெய்தது எவ்வளவு? மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி 2/5 என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் நில்லுங்கள். 2/5 பாதியைவிடக் குறைவு. அம்மா ஒருவரே பாதி நெய்துவிட்டாரே! அப்பா நெய்தது எங்கே போயிற்று? சேலையை ஆறு பங்காக்கினால் அம்மா பங்கு மூன்று, அப்பா பங்கு இரண்டு. ஆக 5/6.

இதைவிடப் பெரிய வழுக்கல் ஒன்று உண்டு. பாதி, கால் என்று யாராவது சொன்னால், எதில் பாதி, எதில் கால் என்று கேட்காமல் விடுவது. மூன்று சேலைப் பாவுக்குக் கூலி 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி முடிந்தது என்கிறார் ஒருவர். பாவில் பாதி என்றால் கூலி 6,000. சேலையில் பாதி என்றால் 2,000 மட்டுமே. சொல் ஒன்றுதான், வித்தியாசம் 4,000 ரூபாய்!

இன்னொன்றும் பாருங்கள். நெசவாளர் ஒருவர் 6,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். சேலைக்குச் சேலை கால் பங்கு பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. கூலியில் கால் என்றால் சேலைக்கு 1,000 ரூபாய். ஆறு சேலையில் கடன் தீரும். மீதிக் கடனில் கால் என்றால்? முதல் சேலைக்கு 1,500 போகும். அட, இது சீக்கிரம் தீரும் போலிருக்கிறதே என்று தோன்றும். மீதி 4,500. அதில் கால் 1,125. மீதி 3,375. ஒவ்வொரு முறையும் முக்கால் பங்கு அப்படியே நிற்கிறது பாருங்கள்! ஆறாவது சேலை முடிந்த பிறகும் ஆயிரத்துச் சொச்சம் பாக்கி இருக்கும். இந்தக் கணக்கில் எத்தனை சேலை நெய்தாலும் கடன் முழுதாகத் தீரவே தீராது.

இது வெறும் புத்தகக் கணக்கு என்று நினைக்காதீர்கள். பட்டுத் தறிகள் இருந்த ஊர்களில் 1990-களிலும், 2000-களின் தொடக்கத்திலும்கூட, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக உங்கள் வயதுப் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்பது கடன் கொடுத்தவர் நோட்டுக்குத்தான் தெரியும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 6 முதல் 14 வயது வரை கல்வி உரிமை தரும் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பிள்ளையைப் பள்ளியில் உட்கார வைக்கும். அந்த நோட்டை வாங்கி, “எதில் கால்?” என்று கேட்கப் பின்னம் தெரிந்திருக்க வேண்டும்.

போவதற்கு முன் ஒரு கணக்கு. அதே பதினெட்டே முக்கால் மீட்டர்ப் பாவு. ஒரு சேலைக்கு ரவிக்கைத் துணியோடு ஆறே கால் மீட்டர். இதுவரை ஏழரை மீட்டர் நெய்தாயிற்று. பாவில் எத்தனை பங்கு முடிந்தது? இரண்டாவது சேலையில் எத்தனை பங்கு முடிந்தது? இரண்டில் ஒரு விடைக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. அது மேலேயே இருக்கிறது, தேடுங்கள்!

அன்புடன்,
ஆசிரியர்