சிலந்தியும் நமது எண்ணிக்கையும்

சூரமங்கலத்து வீடுகளின் தாழ்வாரங்களில் ஒட்டடைக் கோலால் நாம் நாள்தோறும் துரத்தும் சிலந்தி, உயர்ந்த ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். அன்னார்க்கு விடையிறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

உயிரணுக்களின் உட்கருவில் இழை போன்ற குரோமோசோம்கள் உள. பெற்றோரின் இயல்பு மக்களைச் சார்வது பெரும்பாலும் இவற்றின் வாயிலாகவேயாம். மனிதர்க்கு இவை 46. சிலந்திகளுக்கோ இனத்துக்கு இனம் வேறுபடும். சிலவற்றிற் பத்துக்கும் குறைவு, சிலவற்றில் நூற்றுக்கும் மேல். வட்ட வலை பின்னும் தோட்டத்துச் சிலந்திகளுட் பெரும்பாலானவற்றில் ஆணுக்கு 24, பெண்ணுக்கு 26. இவ்வேற்றுமை எதனால்? மனித ஆணிடம் எக்ஸ் ஒன்றும் வை ஒன்றும் உள. இச்சிலந்திகளிடமோ வை என்பது இல்லை. எக்ஸ் இரு வகைப்பட்டது. ஆணிடம் வகைக்கு ஒன்றாக இரண்டும், பெண்ணிடம் வகைக்கு இரண்டாக நான்கும் அமைந்துள்ளன. ஆணின் விந்தணுக்களுட் பாதி அவ்விரண்டையும் ஒருங்கே பெறும். எஞ்சிய பாதி ஒன்றையும் பெறா. முன்னவற்றாற் பெண்ணும் பின்னவற்றால் ஆணும் பிறக்கும். எவ்வளவு நேர்த்தியான கணக்கு!

நிற்க. 1914ல் சிலந்திகளின் விந்தணு வளர்ச்சியை ஆராய்ந்து வெளியிட்ட அமெரிக்க அறிஞர் தியாபிலஸ் பெயின்டர், பின்னர் மனிதக் குரோமோசோம்களை எண்ணப் புகுந்து, 1923ல் அவை 48 என அறிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் அவ்வெண்ணையே ஒப்பித்தன. 1956ல் டிஜியோ, லெவான் என்னும் இருவர் 46 என்று நிலைநாட்டினர். கைதேர்ந்தவரும் பிழைபடலாம், அதனாற் குற்றமில்லை. நூலிற் கண்டதையே கண்ணாற் கண்டதாகக் கொள்வதன்றோ குற்றம்? பரீட்சைக்காக எண்களை மனனஞ் செய்யும் நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

நம் நாட்டில் இத்துறை புதியதன்று. சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜானகி அம்மாள், கோயமுத்தூரிற் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, 1945ல் டார்லிங்டனுடன் பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டார். 1950களில் போலே-கௌடா இந்தியச் சிலந்திகள் பலவற்றை ஆராய்ந்தார். எனினும் உலகில் அறியப்பட்ட ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சிலந்தி இனங்களுள் மிகச் சிறு பகுதியே இதுவரை எண்ணப்பட்டுள்ளது.

நம் மாவட்டத்துக்கே உரிய பெருமை ஒன்றும் உண்டு. ஓமலூருக்கு அப்பாலுள்ள கடையாம்பட்டியிற் கிடைத்த மரச்சிலந்தி ஒன்றுக்கு 1899ல் ரெஜினால்டு போகாக் என்னும் ஆங்கில அறிஞர் அழகியது என்னும் பொருளில் 'போசிலோதீரியா பார்மோசா' என்று பெயரிட்டார். இன்று மேல்நாட்டார் அதனைச் சேலத்தின் பெயராலேயே அழைத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் வளர்க்கின்றனர். நம்முள் அதன் பெயரறிந்தார் எத்துணைப் பேர்? மரங்கள் குறைய அதுவும் அருகிவிட்டது. 2019ல் அதன் பேரினம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்டது. ஆதலின் ஆராய்ச்சியின் பேரால் அதனைப் பிடித்தல் தகாது. தோட்டத்தில் மலிந்த சிலந்திகளே தொடக்கத்துக்குப் போதும்; அவற்றிலும் தேவைக்கு மிஞ்சி ஓர் உயிரையேனும் போக்கலாகாது.

இதனால் வயிறு நிறையுமோ என வினவுவாரும் உளர். வயலிற் பயிரைத் தின்னும் பூச்சிகளைச் சிலந்திகள் உண்டு உழவனுக்கு உதவுகின்றன. தோற்றத்தால் ஒன்றெனத் தோன்றும் இரண்டு, வெவ்வேறு இனங்களா என்று தெளியவும் குரோமோசோம் துணைபுரிகின்றது. இன்னதென்று அறியாததை எங்ஙனம் காப்போம்?

நுண்ணோக்கி ஒன்று, சாயம் சிறிது, பொறுமை பெரிது. இவையே இதற்கு வேண்டுவன. முதலிரண்டும் நம் கல்லூரிகளில் உள என்று நம்புகின்றேன். மாணவ நண்பர்காள்! ஒட்டடைக் கோலை எடுக்குமுன் ஒரு கணம் நின்று நோக்குங்கள். நோக்கியபின் நீங்களே எண்ணுங்கள். எண்ணியபின் மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள்.