பென்ஷன்காரருக்கு எதற்குப் புது லேப்டாப்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து நம் வயதுக்காரர்கள் பலர் கேட்கும் கேள்வி: "பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கணுமா?" வேண்டாம் என்பதே என் கட்சி.

நமக்கு என்ன வேலை? மின்னஞ்சல், செய்தித்தாள், பேரப்பிள்ளைகளுடன் வீடியோ பேச்சு, இரண்டு பக்கம் எழுதுவது. இதற்கு லினக்ஸ் தாராளம், காசும் கிடையாது. அதில் லினக்ஸ் மின்ட், குறிப்பாக அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, பழைய இயந்திரத்திலும் இலகுவாக ஓடும். இது ஏதோ விளையாட்டுப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் ழாந்தார்மெரி, போலீஸ் வேலை பார்க்கும் ராணுவப் படை, 2008 முதலே தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. கேரள அரசுப் பள்ளிகளிலும் லினக்ஸ்தான்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் புதிய சிறு லேப்டாப்புகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. 4 ஜி.பி. ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்ட முடியாது. சேமிப்பிடமும் 64 ஜி.பி.யோடு நின்றுவிடும். அதைவிட, கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த அலுவலக லேப்டாப் மேல். உதாரணம், திங்க்பேட் எக்ஸ்270. 12.5 அங்குலத் திரை, எடை ஒன்றரை கிலோவுக்குள். பின்பக்க பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், ரேமையும் மாற்றலாம். இதன் இன்டெல் சிப் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. அதனால்தான் மலிவாகக் கழிகிறது. லினக்ஸுக்கு அந்தக் குறை ஒரு குறையே அல்ல.

ஆனால் கடைக்காரர் வார்த்தையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவை எடுத்துப் போங்கள். உள்ளே இருப்பதைத் தொடாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா (இன்டெல் வைஃபை என்றால் பெரும்பாலும் தொல்லையில்லை), ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். திரையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள்; எழுத்து வெளிறினால் நம் கண்ணுக்கு ஆகாது. 8 ஜி.பி. ரேமும் எஸ்எஸ்டியும் இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி. தமிழ்99, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்று விசைப்பலகைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு விசையில் மாறலாம். பிரான்சில் இருக்கும் உறவுக்காரருக்கு எழுதும்போது அக்சான்தேகுவும் செதியும் தேடி அலைய வேண்டியதில்லை.

எல்லாம் நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஜீவன் பிரமாண் கைரேகைக் கருவிக்கான மென்பொருள் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியது. அதைப் போனிலேயே முகம் காட்டி முடித்துவிடலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்களும், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம்.

மற்றவர்கள் ஒரு வாரம் பழகிப் பாருங்கள். நன்றாக உழைக்கிற இயந்திரத்தை யாரோ போட்ட கெடு தேதிக்காகக் குப்பையில் போடுவதும், அதற்காக ஒரு மாதப் பென்ஷனை எடுத்துக் கொடுப்பதும் எனக்கு நியாயமாகப் படவில்லை.