ஓடும் இளைஞரும் ஈரமணலும்

காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகும் ஆடவர் 1500 மீட்டரை 7 நிமிடங்களில் ஓடிக் கடத்தல் வேண்டும். அதற்கென நம் செங்கற்பட்டு மாவட்டத்து இளைஞர் சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் வைகறை இருளில் ஓடக் காண்கிறோம். விரைந்து வரும் வண்டிகளை எண்ணுங்கால் நம் நெஞ்சு பதைக்கிறது.

அருகிலேயே இறைவன் விரித்த தடம் இருக்கிறதே! மாமல்லபுரத்துக் கடற்கோயிலிலிருந்து வடக்கே சாளுவன்குப்பத்துப் புலிக்குகை வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கடல்நீர் வற்றும் வேளையில் ஈரமணல் இறுகி நிற்கும். உலர்மணலோ கணுக்காலை வருத்தும். கரையின் சரிவு ஒரு காலுக்கே மிகுபாரம் தரும். வந்த வழியே திரும்பி ஓடினால் மறுகாலும் அதனைப் பகிர்ந்துகொள்ளும். பாறைகளருகே நடப்பதே நன்று. படகும் வலையும் கிடக்குமிடத்தில் மீனவர்க்கே முதலுரிமை. ஓடுவோர் விலகிச் செல்க.

சாலையோரத்தில் ஓடுவோர்க்கெனத் தனித்தடம் அமைத்தல் அரசின் கடன் என்பது நம் கருத்து. அதுவரை, தம்பிமாரே, மணலுக்கு இறங்கி வாருங்கள்.