தினம் ஓடாத ஸ்கிரிப்ட் எதுக்கு?

லினக்ஸ் சர்வரைப் பத்தின தகவல் சேகரிக்க ஷெல் ஸ்கிரிப்ட் எழுதாத ஆளே கிடையாது. யூநேம், அப்டைம், ஃப்ரீ, டிஎஃப்னு நாலு கட்டளையை அடுக்கி ஒரு ஃபைல்ல கொட்டினா ஆச்சு. நானும் அப்படி ஒண்ணு வெச்சிருந்தேன். ஏதாவது படுத்துக்கிட்டா மட்டும் ஓட்டுவேன். அது தப்புங்கறதுதான் என் கட்சி.

ஒரு வெள்ளிக்கிழமை காலைல எங்க சைட்ல யாராலயும் லாகின் பண்ண முடியலை. எர்ரரைப் பாத்தா டிஸ்க்ல இடமில்லையாம். ஸ்கிரிப்டை ஓட்டினேன். அதுக்கே அவுட்புட் ஃபைல் உருவாக்க முடியலை! சரின்னு ஸ்க்ரீன்லயே பாத்தா பாதி டிஸ்க் சும்மா கிடக்கு. மெமரி, லோடு எல்லாம் ஓகே.

முந்தின நாள் சாயங்காலம் அந்த மெஷின்ல கை வெச்சவன் டீமுக்குப் புதுசா வந்த பையன். எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "லாக் லெவல் மட்டும்தான் சார் மாத்தினேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னான். நான் காதுலயே போட்டுக்கலை.

மத்தியானம்தான் டிஎஃப்புக்கு ஐ ஆப்ஷன் கொடுத்துப் பாக்கத் தோணிச்சு. ஐநோடு 100 சதவீதம் தீர்ந்திருக்கு. ஒரு ஃபைலுக்கு ஒரு ஐநோடு வேணும். இஎக்ஸ்டி4ல ஃபார்மட் பண்றப்பவே எத்தனைன்னு முடிவாயிடும், வழக்கமா 16 கேபிக்கு ஒண்ணு. 50 ஜிபி பார்ட்டிஷன்னா சுமார் 33 லட்சம். எங்க வெப் அப்ளிகேஷன் ஒரு கேபி கூட வராத செஷன் ஃபைலா கொட்டிக்கிட்டே இருந்திருக்கு, துடைக்க நாதியில்லை. பழைய ஃபைலோட தேதியைப் பாத்தா ஏழு மாசம் முந்தி! (எக்ஸ்எஃப்எஸ்ல ஐநோடைத் தேவைக்கேத்தபடி ஒதுக்கிக்கும், அங்க இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு.)

ஸ்கிரிப்ட்ல அந்த ஐ ஆப்ஷனைச் சேத்தாச்சு. ஆனா அது பாதி வைத்தியம்தான். கிரான்ல போட்டு தினம் ராத்திரி ஓடவிட்டு, தேதி போட்ட ஃபைலா வேற மெஷினுக்கு அனுப்பியிருந்தா, நேத்து ஃபைலையும் போன மாச ஃபைலையும் டிஃப் போட்டாலே கதை தெரிஞ்சிருக்கும். இன்னிக்கு எடுத்த ஒரே ஒரு படத்தை வெச்சுக்கிட்டு யாரை வேணாலும் திருடன்னு சொல்லலாம்.

அதுக்குத்தான் ஜாபிக்ஸ், ப்ராமிதியஸ் எல்லாம் இருக்கேம்பீங்க. இருக்கு, தாராளமா போட்டுக்கோங்க. எங்ககிட்ட இருக்கறது நாலே மெஷின், இருபது வரி ஸ்கிரிப்ட் போதும்.

பையன்கிட்ட அன்னிக்கு சாயங்காலமே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்"னான். திட்டினது எல்லார் முன்னாடியும், மன்னிப்புக் கேட்டது மட்டும் தனியா, டீக்கடையில. அது இன்னும் உறுத்திக்கிட்டுதான் இருக்கு.