காற்றாலைக்கு முன்னால் ஒரு பதிவேடு

"புகை இல்லை, சாம்பல் இல்லை. காற்றாலைக்கு எதற்கு ஐயா மக்கள் கருத்து?" கடற்கரையில் நடக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் என்னைப்போல ஓய்வுபெற்றவர். அங்கே சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் காற்றாலைக்கு எதிரி அல்ல. நம் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் 32.5 மெகாவாட் மின்நிலையம் எரிவாயுவில் ஓடுவது. எரிவாயு ஒருநாள் தீரும், காற்று தீராது. இது எனக்கும் தெரியும்.

ஆனால் மன்னாரைப் பாருங்கள். 2020 இறுதியில் அங்கே 'தம்பபவனி' என்ற பெயரில் 30 காற்றாலைகள் வந்தன. அடுத்து அதானி நிறுவனம் 250 மெகாவாட் திட்டத்தோடு வந்தது. தீவு தாழ்வான நிலம், சாலையும் அடித்தளமும் போட்ட பிறகு மழைநீர் வடிவதில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது என்று ஊர்மக்கள் சொன்னார்கள். வலசைப் பறவைகளின் வழி அது என்று இயற்கை ஆர்வலர்கள் சொன்னார்கள். மன்னார் ஆயர் உட்படப் பலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 பிப்ரவரியில் அதானி விலகியது. அதுவும் மின்சார விலை இழுபறியில். ஆகஸ்டில் வேறு திட்டத்துக்குத் தளவாடம் வந்தது. மக்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க ஒரு மாதம் நிறுத்திவைத்தார். மாதம் முடிந்து, செப்டம்பரில் போலீஸ் காவலுடன் மறுபடி தளவாடம் வந்தது, தள்ளுமுள்ளும் வந்தது. அந்த ஒரு மாதப் பேச்சை முதல் கம்பம் நடுவதற்கு முன்பே பேசியிருக்கலாமே!

சிரிக்காதீர்கள், நம் கதை இதைவிட மோசம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லவே இல்லை. ஆகவே மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. 2016-இல் அதை 'வெள்ளை' வகையில் சேர்த்தார்கள். வெள்ளை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவுகூட வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் கடலில் 4,000 மெகாவாட்டுக்குக் கடற்படுகையைக் குத்தகைக்கு விட டெண்டர் போட்டார்கள். பிறகு ரத்து செய்தார்கள். வலை இழுக்கிறவன் இரண்டையும் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டான். குத்தகைக்குப் போவது அவன் தொழில் செய்யும் இடம்!

பிரெஞ்சுக்காரன் ஆட்சியை நான் புகழ வரவில்லை. அவன் செய்த அநியாயம் தனிக்கதை. ஆனால் அவன் நிர்வாகத்தில் 'கொமோடோ எ இன்கொமோடோ' என்று ஒரு விசாரணை உண்டு. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு தரக்கூடிய தொழிலுக்கு அனுமதி கொடுக்குமுன், அதனால் சௌகரியமா அசௌகரியமா என்று சுற்றியிருப்பவர்களைக் கேட்பது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய கட்டுகளை அடுக்கச் சொன்னபோது அப்படி ஒரு பதிவேடு கைக்கு வந்தது. ஒரு சுண்ணாம்புக் காளவாய் விவகாரம். புகை வீட்டுக்குள் வருகிறது என்று ஒருவர். என் மகனுக்கு அங்கேதான் வேலை, தடுக்காதீர்கள் என்று இன்னொருவர். கீழே நாலைந்து கைநாட்டு. ஒரு காளவாய்க்கே அவ்வளவு!

நான் கேட்பதும் அதுதான். நாளை கிளிஞ்சல்மேட்டுக்கு எதிரே கடலில் கம்பம் நட வந்தாலும், வரைபடத்தைத் தமிழில் போட்டு, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு மாதம் பதிவேடு திறந்து வையுங்கள். படகு எங்கே போகலாம், வலை அறுந்தால் யார் கொடுப்பது என்பதற்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். டெண்டர் அதற்குப் பிறகு. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க நான் வந்து உட்காருகிறேன். கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது.