உங்கள் கண்ணாடிக் கிளாசும் எங்கள் காகிதக் கப்பும்

தோழர்களே, குடியைப் பற்றி எழுதப் போகிறேன். 'இவனுங்களுக்கு வேற என்ன தெரியும்' என்று ஊர்த்தெருவில் ஒரு சிரிப்பு கேட்கும். 'இயக்கப் பத்திரிகையில் இதெல்லாமா' என்று நம் ஆட்களே முகம் சுளிப்பார்கள். இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுங்கள். நான் முதலில் சொல்ல வருவது நம்ம குடியைப் பற்றி அல்ல. அவங்க குடியைப் பற்றி.

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் செட்டிநாட்டு வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்று விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். அந்தத் தேக்குத் தூணைச் சுமந்து வந்த தோள் யாருடையது என்று எவனும் காட்டமாட்டான். அப்படியொரு வீட்டில், கல்லூரியில் படித்துக்கொண்டே சனி ஞாயிறுகளில் பரிமாறுகிற வேலை பார்த்தேன். வீட்டின் பெயர் வேண்டாம். ஒரு வீட்டோடு முடிகிற சங்கதி இல்லை இது.

ஒரு மார்கழி ராத்திரி. சென்னையிலிருந்து ஒரு பெரிய மனிதர், அவருடைய நண்பர்கள், இரண்டு வெள்ளைக்காரர்கள். அவர் 'போர்பன்' சேகரிப்பவராம். டாஸ்மாக் குவார்ட்டர் மட்டும் தெரிந்தவர்களுக்கு விளக்கிவிடுகிறேன். போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வேண்டும். நிறத்துக்கென்று எதையும் கலக்கக் கூடாது. 1964ல் அமெரிக்க நாடாளுமன்றமே 'இது எங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு' என்று தீர்மானம் போட்டது. கெண்டக்கி மாநிலத்தில் வடிசாலை வடிசாலையாக ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவதற்கு 'போர்பன் தடம்' என்று 1999ல் ஒரு ஏற்பாடே தொடங்கினார்கள். நம்ம பெரிய மனிதர் அங்கே போய்வந்தவர். காசிக்குப் போய்வந்த மாதிரி சொன்னார்.

வளவில் மேசை போட்டு, வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ்களை வரிசையாக வைத்தேன். அவர் ஊற்றி, உயர்த்திப் பிடித்து, மூக்கை உள்ளே விட்டு, 'வெனிலா... எரிச்ச சர்க்கரை... பழைய தோல்...' என்று மந்திரம் சொன்னார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். பீப்பாயில் வருசாவருசம் ஆவியாகிப் போகிற சரக்கை அங்கே 'தேவதைகளின் பங்கு' என்று சொல்வார்களாம். கேட்டுக்கொண்டே நின்றேன். காற்றோடு போவதற்குக்கூட ஒரு பங்கு இருக்கிறது. வடித்தவனுக்கு?

அதையும் அவரே சொன்னார் என்பதுதான் வேடிக்கை. கடைசியாக ஒரு டென்னசி விஸ்கி போத்தலை எடுத்தார். போர்பன் மாதிரியே செய்து, மரக்கரியில் வடிகட்டி எடுப்பது. 'இதுல ஒரு அடிமையோட கதை இருக்கு' என்றார். நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பர். லிஞ்ச்பர்க் ஊருக்குப் பக்கத்தில் டான் கால் என்ற போதகரின் பண்ணையில் அடிமையாக இருந்து சாராயம் வடித்தவர். அங்கே எடுபிடியாக வந்த ஒரு வெள்ளைச் சிறுவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் ஜாக் டேனியல். உலகம் முழுக்கப் போத்தலில் இருக்கிற அதே பெயர். அடிமைமுறை ஒழிந்தபின் ஜாக்கின் வடிசாலைக்கு முதல் தலைமை வடிப்பாளர் கிரீன்தான். உள்ளூரில் தெரிந்த இந்தக் கதையைக் கம்பெனி ஊரறிய ஒப்புக்கொண்டது 2016ல். அவர் பெயரிலேயே ஒரு விஸ்கி வந்தது 2017ல். குரு பெயர் போத்தலில் ஏற ஒன்றரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

கதையை முடித்து, பெரிய மனிதர் கிளாஸைத் தூக்கி, 'பெயர் தெரியாமப் போன அந்த மனுசனுக்காக' என்றார். கண் கலங்கினார். பொய்யாக அல்ல, நிஜமாகவே கலங்கினார்.

அப்புறம் நல்ல மனசோடு எங்கள் பக்கம் திரும்பினார். 'நீங்களும் ஒரு வாய் பாருங்கப்பா.' அவருடைய கார் டிரைவருக்குக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினார்கள். டிரைவர் அண்ணன் எந்த சாதி என்று எனக்குத் தெரியும். நான் எந்த சாதி என்று அந்த வீட்டு மேனேஜருக்குத் தெரியும். மேனேஜர் உள்ளே போய் எனக்கு ஒரு காகிதக் கப் எடுத்து வந்தார். கிளாஸ் இல்லாமல் அல்ல. ஆறு கிளாஸ்கள் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தன. கழுவி வைத்தவன் நான்தான்.

அந்தக் கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு வெளியேறினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது அது இல்லை. குடித்தேன். 'தேங்ஸ் சார்' என்றும் சொன்னேன். மாசச் சம்பளம் பாக்கி இருந்தது. அந்த 'தேங்ஸ்' இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதைத் துப்பத்தான் இந்தக் கட்டுரை.

'சின்ன விசயம், கப்புதானே' என்று யாராவது சொன்னால் அவர்களை 1930க்குக் கூட்டிப் போகிறேன். அந்த ஆண்டு டிசம்பரில், சிவகங்கையும் காரைக்குடியும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை ஆதிக்கசாதி நாட்டார்கள் போட்டார்கள். பொன் வெள்ளி நகை போடாதே. முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டாதே. சட்டை பனியன் போடாதே. கிராப்பு வெட்டாதே. பெண்கள் மார்பை மூடக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. இவற்றோடு ஒன்று: உன் வீட்டுக்குள்ளேயே மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்காதே! அடுத்த ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பாத்திரம் சின்ன விசயமாக இருந்தால் நம்ம வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து ஏன் தடை போட்டான்?

பித்தளை வேண்டாம் மண் போதும் என்றான். டீக்கடையில் சிரட்டையில் ஊற்றினான். பிறகு தனிக் கிளாஸ் வைத்தான், அதை நம்மையே கழுவி வைக்கச் சொன்னான். நாம் போராடினோம், வழக்குப் போட்டோம். இப்போது எறிந்துவிடுகிற கப் வந்துவிட்டது. 'சுகாதாரம்' என்கிறான். எல்லாருக்கும் அதே கப் என்றால் சுகாதாரம். எனக்கு மட்டும் என்றால் அது பழைய சிரட்டைதான். பொது உணவகத்தில், விடுதியில் வைத்திருக்கும் பாத்திரங்களைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது குற்றம் என்று 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காவது பிரிவில் எழுதியே வைத்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த பாத்திர அரசியல் இந்த ரசனைக்காரர்களுக்குத் தெரியாதா?

இப்போது ரசனைக்கு வருவோம். அன்று ராத்திரி எச்சில் கிளாஸ்களைக் கழுவும்போது ஒன்றை மோந்து பார்த்தேன். வெனிலா என்று எனக்குத் தோன்றவில்லை. எங்க தாத்தா வீட்டுக் கொல்லை வாசனை வந்தது. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுப் பானையைப் புதைத்து ஊறல் வைத்து வடிப்பார். எத்தனை நாள் ஊறணும், தீ எவ்வளவு எரியணும், முதலில் வருகிற சாராயத்தை ஏன் கொட்டிவிடணும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் இருட்டினதும் வந்து குடித்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் தீட்டு இல்லை. கருப்பருக்குப் படையல் போடவும் அவர் வடித்ததுதான் போனது. சாமி குடித்தால் படையல், பெரிய வீட்டான் குடித்தால் பழக்கம், நாங்கள் குடித்தால் 'குடிகாரப் பயலுக'. அங்கே ஓக் மரம் 'பாரம்பரியம்', இங்கே வேலம்பட்டை 'கள்ளச்சரக்கு'. நியரெஸ்ட் கிரீனின் பெயர் கடைசியில் போத்தலில் ஏறியது. எங்க தாத்தாவின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் போலீஸ் ஸ்டேஷன்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1797ல் தன் மவுண்ட் வெர்னான் பண்ணையில் விஸ்கி வடிக்கத் தொடங்கினார். 1799ல் அங்கே வடித்தது சுமார் 11,000 காலன். ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோத்தி என்ற ஆறு அடிமைகள் அங்கே வேலை செய்தார்கள். அந்த வடிசாலையை மறுபடி கட்டி 2007ல் திறந்து இன்று ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள், இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள். கறுப்பு மக்கள் காலங்காலமாக விடாமல் கேட்டதால்தான் அந்த நாட்டு மியூசியங்கள் அடிமைகளின் பெயரைச் சொல்லத் தொடங்கின. யாரும் கருணையால் கொடுத்ததில்லை.

கடல் தாண்டிய அடிமைக்காக இங்கே கண்ணீர் விடுவது சுலபம். அவன் பக்கத்தில் நின்று பரிமாறவில்லை. அவனுக்குக் கிளாஸ் கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம் பாக்கி இல்லை. செத்துப்போன தூரத்து அடிமையை ரசிப்பதும் ஒரு சேகரிப்புதான். போத்தலோடு சேர்த்து அவன் துயரத்தையும் அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள்.

அரசாங்கத்தின் நாக்கும் இதே நாக்குதான். போர்பன் மீது 150 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை ஒன்றிய அரசு 2025 பிப்ரவரியில் 100 சதவீதமாகக் குறைத்தது. பிரதமர் அமெரிக்க ஜனாதிபதியைப் பார்க்கப் போன அதே சமயத்தில்! இங்கே 1987லிருந்து கள்ளுக்குத் தடை. பனை நமது மாநில மரம். ஆனால் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறவன் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் குற்றவாளி. கெண்டக்கிக்காரன் சரக்குக்குக் கதவு திறக்கிறது, பனையேறி வீட்டுக் கதவைப் போலீஸ் உதைக்கிறது. நடுவில் டாஸ்மாக். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசின் கையில். 2023-24ல் மட்டும் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். பெரும்பாலும் கரும்புச் சக்கைப்பாகில் எடுத்த ஆல்கஹாலுக்கு நிறம் ஏற்றி 'விஸ்கி' என்று விற்கிறான். அந்தக் கோடிகளில் நம் தெருக்களின் கூலி எவ்வளவு என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

அந்த குவார்ட்டருக்கும் காசு இல்லாதவன் எங்கே போவான்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட்டைக் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கூலி வேலை செய்த ஏழைகள், நம் ஜனங்கள். செத்தவன் வீட்டுக்கு 10 லட்சம் என்றதும் 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பணம்' என்று எத்தனை பேர் கேட்டார்கள்! வெனிலா வாசனை பிடிக்கிறவனிடம் 'ஏன் குடிக்கிறாய்' என்று எவனாவது கேட்டிருக்கிறானா? அவன் குடிப்பது ரசனை, நாம் குடிப்பது குணம்.

இனி நம் வீட்டுக்குள் பேச வேண்டியது இருக்கிறது. 'குடி தலித் பண்பாட்டின் கலகக்கூறு' என்று எழுதுகிற அறிவுஜீவித் தோழர்கள் சிலர் உண்டு. நானும் அப்படிப் பேசித் திரிந்தவன்தான். ஒருநாள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். 'ஒங்கப்பன் குடிச்சிட்டு வந்து என்னைய மிதிச்சப்ப எந்தக் கலகமும் நடக்கலடா. அரிசிப் பானைதான் ஒடஞ்சுது. அந்தப் பானையப் பத்தி எழுதுனியா?' எழுதவில்லை. பாத்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் அந்தப் பானையை விட்டுவிட்டுப் பேசினால் நானும் அந்தப் பெரிய மனிதரும் ஒன்றுதான்.

அதே நேரம், 'முதலில் நீங்கள் குடியை விடுங்கள், பிறகு மரியாதை தானாக வரும்' என்று உபதேசம் செய்கிறவர்களையும் நம்பாதீர்கள். எங்க பெரியப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவருக்கும் டீக்கடையில் தனிக் கிளாஸ்தான். குடித்ததால் வந்த இழிவு அல்ல இது, குடியை நிறுத்தினால் போவதற்கு. கடையை மூடுவதா, கள்ளைத் திறப்பதா என்பதை அடி வாங்குகிற நம் பெண்கள் முதலில் பேசட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்போம். ஆனால் நம் சுயமரியாதைக்கு எவனும் மூச்சு ஊதிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டாம்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை. அவர்கள் போத்தலைச் சேகரிக்கட்டும். நீங்கள் கப்புகளைச் சேகரியுங்கள். உங்கள் ஊர் டீக்கடை, பார், கல்யாண மண்டபம், தங்கும் விடுதி ஒவ்வொன்றிலும் யாருக்கு எதில் ஊற்றுகிறார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். சாட்சி வையுங்கள். 1955 சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அலமாரியில் தூங்குவதற்கு அல்ல. வடித்தவர், பனையேறியவர், பெரிய வீட்டில் பரிமாறியவர் என்று உங்கள் தாத்தா பாட்டிகளின் பெயர்களைப் போலீஸ் எழுதியதோடு விடாமல் நீங்களும் எழுதுங்கள். நமக்காக அழுகிற ஒருவர் வருவார் என்று ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க முடியாது.

அந்த வீட்டு வேலையை நான் விட்டுவிட்டேன். பாக்கிச் சம்பளத்தை நின்று கேட்டு வாங்கினேன். 'தண்ணி குடிச்சிட்டுப் போ' என்றார் மேனேஜர். அலமாரியைக் காட்டி, 'அந்தக் கிளாஸ்ல குடுங்க' என்றேன். அவர் கொடுக்கவில்லை. நானும் குடிக்கவில்லை.